எதிர்மனுதாரர் போகும் வழி

குடும்ப வன்முறை வழக்கில் பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்ததும் கட்சிக்காரர் கேட்பது, "இதை உடைக்க முடியுமா சார்?" சைதாப்பேட்டை கோர்ட்டில் எதிர்மனுதாரர் தரப்பில் நின்றே தலை நரைத்தவன் நான். இதற்கு நாங்கள் சொல்லும் பதில் இதற்குள் மூன்று தடவை மாறிவிட்டது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 2006 அக்டோபர் 26-இல் அமலுக்கு வந்தபோதே வழி அதற்குள் இருந்தது. பிரிவு 29-இன்படி 30 நாளுக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் போடலாம். சூழ்நிலை மாறியிருந்தால் பிரிவு 25(2)-இன்படி அதே மாஜிஸ்திரேட்டிடமே உத்தரவைத் திருத்தவோ ரத்து செய்யவோ கேட்கலாம். வக்கீல்கள் இவற்றைச் சீந்தவில்லை. பாதிக்கப்பட்ட பெண்ணின் மனு மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்ததால் அதைக் கிரிமினல் கேஸாகவே நடத்தினார்கள். மாமனார், மாமியார், நாத்தனார் எல்லாருக்கும் சம்மன், வராவிட்டால் வாரண்ட். நடக்க முடியாத கிழவியைக் கைத்தாங்கலாகக் கூண்டருகே கொண்டுவந்து நிறுத்துவார்கள். பயந்துபோன குடும்பம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 482-இல் குவாஷ் மனு, அதாவது வழக்கையே ரத்து செய்யக் கோரும் மனு, போட ஹைகோர்ட்டுக்கு ஓடும். அங்கே ஒரு தடை கிடைத்தால் போதும், அந்தப் பெண்ணின் மனு வருஷக்கணக்கில் தூங்கும். அதற்காகவே மனு போட்டவர்களும் உண்டு.

2021 ஜனவரியில் சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்தக் கதவைச் சாத்தினார். இது உரிமையியல் நிவாரணம், குற்ற வழக்கல்ல; சம்மன் வேண்டாம், நோட்டீஸ் போதும்; வக்கீல் ஆஜரானால் போதும்; யாருமே வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி உத்தரவு போடலாம், வாரண்ட் கூடாது என்றார். சம்பந்தமில்லாமல் இழுக்கப்பட்டவர், தன் பெயரை நீக்கும்படி மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம். ஹைகோர்ட்டுக்குப் போக மிஞ்சியது அரசியல் சட்டத்தின் பிரிவு 227 மட்டும். அடுத்த ஆண்டு ஹைகோர்ட்டின் முழு அமர்வும் அதையே சொன்னது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கதவைக் கொஞ்சம் திறந்துவிட்டது: குவாஷ் மனு போடலாம், ஆனால் அப்பட்டமான சட்டமீறலோ அநீதியோ இருந்தால்தான் ஹைகோர்ட் தலையிட வேண்டும்.

என்னைக் கேட்டால், 2024 செப்டம்பர் தீர்ப்புதான் அன்றாட வேலைக்கு உதவுவது. மாதம் 12,000 ரூபாய் ஜீவனாம்சம் தரச் சொன்ன பழைய உத்தரவை 25(2)-இல் ரத்து செய்யவும், கட்டிய பணத்தைத் திருப்பித் தரவும் கேட்டார் ஒரு கணவர். சூழ்நிலை மாற்றம் அந்த உத்தரவுக்குப் பின் நடந்திருக்க வேண்டும், கடந்த காலத்துப் பணம் திரும்பாது என்றது உச்ச நீதிமன்றம். அதனால் வேலை போய்விட்டது என்று வருகிறவரிடம், கம்பெனிக் கடிதத்தில் என்ன தேதி என்றுதான் முதலில் பார்க்கிறேன். அப்பீல் என்றால் உத்தரவு நகல் கைக்குச் சேர்ந்த தேதியைப் பார்ப்பேன். தடை வாங்காதவரை உத்தரவு உயிரோடுதான் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுவேன். பாதுகாப்பு உத்தரவை மீறினால் பிரிவு 31-இல் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.