ஒரு தூண் போனால்...



தரைத்தளத்தில் காரை நிறுத்தும்போது அங்குள்ள தூண்களைக் கவனித்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் நடந்ததை அறிந்தால் கவனிப்பீர்கள்.

அங்கே மர்ரா என்ற ஒன்பது தள அரசு அலுவலகக் கட்டடம் 1977-ல் எழுந்தது. அன்றைய விதிப்படிதான் கட்டினார்கள். 1995 ஏப்ரல் 19 அன்று அதன் வாசலில் வெடிகுண்டு லாரி வெடித்தது. 168 பேர் இறந்தார்கள். அவர்களில் 19 பேர் குழந்தைகள்.

வெடிப்பு நேரடியாக நொறுக்கியது ஒரே ஒரு முன்பக்கத் தூணை. அதன் இருபுறத் தூண்களும் முறிந்தன. அவை 40 அடி இடைவெளியில் நின்று, மேல் தளங்களின் பாரத்தை ஏற்ற ஒரு பெரிய பீமைத் தாங்கியவை. பீம் விழுந்தது; கட்டடத்தில் ஏறக்குறைய பாதி சரிந்தது. வெடியைவிடச் சரிவே அதிக உயிர்களைக் குடித்தது.

பூகம்பப் பகுதிகளில் கட்டுவதுபோல் தூணுக்குள் ரிங்குகளை நெருக்கமாகக் கட்டி, கம்பிகளைத் தொடர்ச்சியாக விட்டிருந்தால் சேதம் பாதியாவது குறைந்திருக்கும் என்றார்கள் ஆராய்ந்த பொறியாளர்கள். நெருக்கமான ரிங் கான்கிரீட்டைச் சிதறாமல் இறுக்கிப் பிடிக்கும். தூண் வளையுமே தவிர சட்டென்று முறியாது. இதற்குக் கூடுதல் செலவும் சொற்பம்தான்.

நம் நாட்டில் 1993-ல் வந்த ஐ.எஸ். 13920 விதியும் இதையே சொல்கிறது.

ஆகவே, பைப்புக்காகத் தூணில் உளி வைக்குமுன் சங்கத்தைக் கேளுங்கள். அந்தத் தூண் மேலே உள்ள அத்தனை வீட்டுக்கும் பொது.