ஓடும் நீரும் ஒதுங்கும் மண்ணும்



தோட்டத்தில் மின்சாரம் வந்த கதையை நம் பெரியவர்களிடம் கேட்டால், முதலில் மண்ணெண்ணெய் விளக்கு, பிறகு இஞ்சின் கரண்டு என்பார்கள். மாலையில் இஞ்சின் ஓடும், இரவில் நிறுத்திவிடுவார்கள். பாடம் முடியாத பிள்ளை மறுபடியும் மண்ணெண்ணெய் விளக்கைத் தேட வேண்டியதுதான். அந்த இஞ்சினுக்கு டீசல் வேண்டும். பல கோடி ஆண்டுகளாக நிலத்தடியில் உருவான எண்ணெய், எரிந்தால் தீர்ந்தது. நம் காலத்தில் அது மறுபடி ஊறாது.

மழை அப்படியல்ல. பெய்கிறது, ஆறாக ஓடுகிறது, கடலில் கலக்கிறது, ஆவியாகி மீண்டும் பெய்கிறது. இப்படிச் செலவானாலும் திரும்பக் கிடைப்பதைப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்கிறோம். செம்பனை ஆலையில் வேலை செய்வோருக்கு இது புதிதல்ல. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியில்தானே ஆலை ஓடுகிறது!

நம் நாட்டில் ஆற்று நீரைக் கொண்டு பெரிய அளவில் மின்சாரம் எடுத்தது பேராக் ஆற்றில்தான். 1930ஆம் ஆண்டு செண்டேரோ அணை வேலைக்கு வந்தது. விளக்கெரிக்க என்று அதைக் கட்டவில்லை. கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. அருகிலிருந்த தோட்டத்து லயங்களைப் பற்றி அப்போது யார் நினைத்தார்கள்?

போருக்குப் பிறகு, 1949இல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, 1958இல், உலக வங்கியிடம் கடன் பெற்றுக் கேமரன் மலைத் திட்டம் தொடங்கியது. அந்தத் திட்டம் ஓர் அதிசயம்தான். பகாங் பக்கம் ஓடுகின்ற தெலோம் ஆற்று நீரைச் சுரங்கவழியாகப் பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பினார்கள். ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணையைக் கட்டி நீரைத் தேக்கினார்கள். அங்கிருந்து இன்னொரு சுரங்கவழி, மலையைக் குடைந்து பேராக் பக்கம் போகிறது. 500 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து இறங்கும் நீர், ஜோர் என்னுமிடத்தில் நிலத்தடியிலுள்ள மின் நிலையத்தில் சுழலிகளைச் சுற்றுகிறது. 1963இல் அது இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 100 மெகாவாட். அதே நீர் கீழே வோ நிலையத்தில் 1968 முதல் மீண்டும் ஒருமுறை உழைக்கிறது.

மழை திரும்ப வரும், சரி. ஆனால் நீரைத் தேக்கிய பள்ளம் திரும்ப வருமா? நாம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

ரிங்லெட் ஏரி பெரியதன்று. கட்டியபோது சுமார் 63 லட்சம் கன மீட்டர் கொள்ளக்கூடியதாக இருந்தது. ஆற்றோடு மண் வரும் என்பது பொறியாளர்களுக்குத் தெரியும். அது தங்க ஏரியின் அடியில் இடமும் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் மேலே மலைச்சரிவில் காடு வெட்டப்பட்டது. காய்கறித் தோட்டங்களும் சாலைகளும் கட்டடங்களும் பெருகின. காடாக இருந்தால் இலை மழையைத் தாங்கும். வேர் மண்ணைப் பிடிக்கும். 1929 முதல் நம்மவர்கள் உழைத்து வளர்த்த தேயிலைகூட, செடி நெருங்கி மூடியபின் ஓரளவு மண்ணைக் காக்கும். (புதிதாக நட்ட தேயிலை அப்படியல்ல, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) கொத்திப் போட்ட காய்கறிப் பாத்தியோ ஒரே மழையில் கரைந்து ஆற்றுக்குப் போகிறது. எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு மண் வந்து ஏரியை நிரப்பியது.

மண் நிரம்பிய ஏரி பெருமழையைத் தாங்குவது கடினம். 2013 அக்டோபர் 23ஆம் நாள், இருட்டு விலகுமுன், நீர்மட்டம் உயர்ந்ததால் அணை திறக்கப்பட்டது. கீழேயிருந்த பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து வீடுகள் சேதமாயின, உயிர்களும் போயின. விளக்கு எரிவதற்காகக் கட்டிய அணையின் கீழே, உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள் அவை.

ஏரியிலிருந்து மண்ணை வாரும் வேலை பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. வாரிய மண்ணைக் கொட்டவும் இடம் வேண்டுமே! மலையில் சமநிலம் கிடைப்பது அரிது. சரிவில் கொட்டினால், அடுத்த மழையில் அது மறுபடியும் ஏரிக்கே வந்து சேரும்.