வரி கட்டுறோம், டீமில் இடம் கொடுங்க!

இன்றைக்குக் கொஞ்சம் வித்தியாசமான சப்ஜெக்ட். அமெரிக்காவில் பல வருஷமாக நடக்கிற ஒரு சண்டையின் வரலாறு.

முதலில் ஒரு விளக்கம். நம்ம ஊரில் 'பப்ளிக் ஸ்கூல்' என்று போர்டு இருந்தால் அது பெரும்பாலும் ஃபீஸ் கட்டிப் படிக்கிற தனியார் பள்ளி. அமெரிக்காவில் அப்படியே உல்டா. அங்கே பப்ளிக் ஸ்கூல் என்றால் மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற இலவசப் பள்ளி. இந்தப் பதிவில் அதை அரசுப் பள்ளி என்றே எழுதுகிறேன்.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒரு பையன் சின்ன தனியார் பள்ளியில் படிக்கிறான். அங்கே ஃபுட்பால் டீமே கிடையாது. பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளியில் மைதானம், கோச், ஜெர்சி எல்லாம் இருக்கு. அவன் அப்பா அம்மாவும் அந்தப் பள்ளிக்காக வரி கட்டுகிறார்கள். பாடம் அங்கே, ஆட்டம் இங்கே என்று அவன் வரலாமா?

இதன் வேர் 1922-இல் இருக்கிறது. ஒரிகன் மாநிலத்தில் 8 வயது முதல் 16 வயது வரை எல்லாக் குழந்தைகளும் அரசுப் பள்ளியில்தான் படிக்கணும் என்று மக்கள் ஓட்டுப் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கத்தோலிக்கப் பள்ளிகளை ஒழிக்கிறதுதான் பலருக்கு உள்நோக்கம். கு கிளக்ஸ் கிளான் கூட இதை ஆதரித்தது. 1925-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லிவிட்டது. பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது பெற்றோர் உரிமை என்பது அன்றைக்கு உறுதியானது. ஆனால் தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அரசுப் பணத்தில் ஏதாவது பங்கு உண்டா என்ற கேள்வி பாக்கி இருந்தது.

அது பஸ் ரூபத்தில் வந்தது. நியூ ஜெர்சியில் கத்தோலிக்கப் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளின் பஸ் செலவையும் அரசு பெற்றோருக்குத் திருப்பிக் கொடுத்தது. ஒருவர் வழக்குப் போட்டார். 1947-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், கொடுக்கலாம் என்றது. போலீஸ், தீயணைப்பு மாதிரி இதுவும் எல்லோருக்கும் பொதுவான சேவைதான் என்பது அவர்கள் வாதம்.

அடுத்து இசை. மிச்சிகன் மாநிலத்தில் கிறிஸ்தவத் தனியார் பள்ளியில் படித்த ஒரு மாணவி, அரசுப் பள்ளியின் பேண்ட் வகுப்பில் மட்டும் சேர ஆசைப்பட்டாள். பள்ளி நிர்வாகம் மறுத்தது. 1984-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பேண்ட் மாதிரி அத்தியாவசியம் அல்லாத விருப்பப் பாடங்களை அரசுப் பள்ளி தன் மாணவர்களுக்கு நடத்தினால், அந்தப் பகுதியின் தனியார் பள்ளி மாணவர்களையும் அதில் சேர்க்கணும் என்றது.

பஸ் ஆச்சு, பேண்ட் ஆச்சு. விளையாட்டில்தான் வண்டி நின்றது.

மொண்டானா மாநிலத்தில் தனியார் பள்ளி மாணவி ஒருத்தி அரசுப் பள்ளி டீமில் விளையாடக் கேட்டாள். 1997-இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. படிப்பையும் விளையாட்டையும் சேர்த்து நடத்துவது பள்ளியின் நியாயமான நோக்கம், அதனால் தன் மாணவர்களுக்கு மட்டும் என்று பள்ளி சொல்லலாம் என்றது. இதற்குப் பின்னணி உண்டு. டெக்சாஸ் 1984-இலேயே 'பாஸ் ஆகலைன்னா ஆட்டம் கிடையாது' என்று சட்டம் போட்ட மாநிலம். ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனாலும் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். இப்படி விதி இருக்கிற இடத்தில், வேறு பள்ளியில் படிக்கிறவனின் மார்க்கை எப்படி அளப்பது?

நீதிமன்றத்தில் தோற்றவர்கள் சட்டசபைக்குப் போனார்கள். ஃபுளோரிடா 1996-இல் வீட்டிலிருந்தே படிக்கிற மாணவர்களுக்கு அரசுப் பள்ளி டீம்களைத் திறந்தது. அப்படி வீட்டில் படித்துக்கொண்டே அரசுப் பள்ளிக்கு விளையாடியவர்தான் டிம் டீபோ. 2007-இல் கல்லூரி ஃபுட்பாலின் ஹைஸ்மன் டிராபியை வென்றார். அதற்கப்புறம் இந்த வகைச் சட்டங்களுக்கே 'டிம் டீபோ சட்டம்' என்று பேர் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் சுலபமாக நடக்கவில்லை. வர்ஜினியாவில் ஆளுநர் டெர்ரி மெக்காலிஃப் இப்படி ஒரு மசோதாவை 2015, 2016, 2017 என்று மூன்று வருஷமும் வீட்டோ செய்தார்.

ஓஹையோ 2013-இல் தனியார் பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் அவர்கள் பள்ளியில் அந்த விளையாட்டு இல்லாமல் இருந்தால் மட்டும்தான். படிப்புத் தகுதி, கட்டணம் எல்லாம் மற்றவர்களுக்கு உள்ளபடியே. கடைசியில், 1997-இல் மறுத்த அதே மொண்டானாவிலும் 2021-இல் சட்டம் போட்டுக் கதவைத் திறந்துவிட்டார்கள்.

சரி, யார் பக்கம் நியாயம்? படிக்க ஆரம்பித்தபோது நான் பெற்றோர் பக்கம்தான். வரி கட்டுறவனுக்குப் பங்கு இல்லையா என்று தோன்றியது. அப்புறம் பி.காம் மூளை குறுக்கே வந்தது :-)

காஸ்டிங்கில் மார்ஜினல் காஸ்ட் என்று படிப்போம். ஓடுகிற பஸ்ஸில் இன்னொரு பையன் ஏறினால் கூடுதல் செலவு கொஞ்சம்தான். பேண்ட் வகுப்பில் இன்னொரு நாற்காலி போட்டால் போச்சு. ஆனால் பாஸ்கெட்பாலில் களத்தில் நிற்கிறது 5 பேர்தான். அங்கே இடம்தான் கீ ஃபேக்டர், அதாவது எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்குப் போடணும். வெளியிலிருந்து ஒருவன் உள்ளே வந்தால், தினமும் அந்தப் பள்ளியிலேயே படிக்கிற ஒருவன் பெஞ்சுக்குப் போகிறான். அவன் அப்பாவும் வரி கட்டுகிறவர்தானே? இரண்டு பக்கமும் ஒரே வரி இருந்தால் அந்த வாதம் கான்சல் ஆகிவிடுகிறது.

அதனால் எனக்கு ஓஹையோ வழிதான் பிடித்திருக்கிறது. உன் பள்ளியில் டீம் இருந்தால் அங்கே ஆடு. இல்லையென்றால் இங்கே வா, ஆனால் எங்கள் பையனுக்கு என்ன தகுதியோ அதே தகுதியோடு வா. இதிலும் எவனோ ஒருவன் பெஞ்சில் உட்காரத்தான் போகிறான். ஆனால் அவனைத் தள்ளிவிட்டு வந்தவனுக்கு ஆட வேறு இடம் இல்லை என்ற காரணமாவது மிஞ்சும். 'நாங்களும் வரி கட்டுறோம்' என்பதை மட்டும் அவனிடம் காரணமாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

நீங்க அந்த ஊர் கோச்சாக இருந்தால் என்ன செய்வீங்க? பின்னூட்டத்தில் சொல்லுங்க, சண்டை போடலாம்.