பனித்தளத்து அடியாட்கள்

1963 அக்டோபரில் மான்ட்ரியல் கனடியன்ஸ் அணிக்காக முதன்முறை களமிறங்கிய ஜான் ஃபெர்குசன், ஆட்டம் தொடங்கிய 12ஆவது நொடியிலேயே பாஸ்டன் அணியின் டெட் கிரீனோடு கைகலந்தார். அன்று இரண்டு கோலும் போட்டார். அணித்தலைவர் ழான் பெலிவோவை எதிரணி முரடர்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்வதற்காகவே அவரைச் சேர்த்திருந்தார்கள். ஐஸ் ஹாக்கியில் ‘என்ஃபோர்சர்’ என்ற தனி வேலையின் வரலாற்றைப் பலரும் அவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நம் பேச்சில் அடியாள்; அவர்கள் கணக்கில் காவல்.

விதியே இதற்கு இடம் கொடுத்தது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்.எச்.எல். 1922இல் கைகலப்புக்கென விதி வகுத்தபோது, சண்டையிட்டவர் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்தால் போதும் என்றது. நட்சத்திர வீரர் காயத்தோடு வீட்டில் கிடப்பதைவிட, ஒரு முரடர் ஐந்து நிமிடம் பெட்டியில் இருப்பது அணிக்கு மலிவு.

காவல் பலித்ததா? பலித்தது என்பவர்கள் முதலில் காட்டுவது ஃபிலடெல்ஃபியா ஃப்ளையர்ஸை. செயின்ட் லூயிஸ் அணியிடம் இரண்டு முறை உதைபட்டு வெளியேறிய பின், உரிமையாளர் எட் ஸ்னைடர் முரட்டு ஆட்களாகத் தேடிச் சேர்த்தார். 1974, 1975 இரண்டு ஆண்டும் ஸ்டான்லி கோப்பை. டேவ் ஷுல்ட்ஸ் 1974-75 பருவத்தில் வாங்கிய தண்டனை 472 நிமிடம். ஏறக்குறைய எட்டு மணி நேரம்! இன்றுவரை அதுதான் சாதனை. ஆனால் அந்த இரு ஆண்டும் பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரர் விருது போனது கோல்கீப்பர் பெர்னி பேரன்டுக்கு. 1976 இறுதிச் சுற்றில் மான்ட்ரியல் அதே முரடர்களை நாலுக்குப் பூஜ்யம் என்று சுருட்டியது. கோப்பையை வென்றது கைமுட்டியா, பேரன்டின் கையுறையா என்ற சந்தேகம் நியாயமானதே.

ஆட்டத்தின் பெரும் நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கிக்கு இந்தச் சந்தேகம் இருக்கவில்லை. 1988இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறியபோது, தன் காவலாள் மார்ட்டி மெக்சார்லியும் கூட வரவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

2004இல் நடந்த ஒன்று காவல் வாதத்தை அடியோடு ஆட்டியது. வான்கூவர் அணித்தலைவர் மார்கஸ் நாஸ்லண்டை மோதிக் காயப்படுத்திய எதிரணி வீரர் ஸ்டீவ் மூர், மார்ச் 8 ஆட்டத்தின் முதல் பகுதியிலேயே மேட் குக்கோடு சண்டையிட்டுக் கணக்குத் தீர்த்தார். சண்டைக்காரர்களின் எழுதாத சட்டப்படி விவகாரம் அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூன்றாம் பகுதியில் வான்கூவரின் டாட் பெர்டூசி அவரைப் பின்னாலிருந்து குத்தி வீழ்த்தினார்; கழுத்தெலும்பு முறிந்த மூர் அதற்குப் பின் ஆடவே இல்லை. சண்டைக்காரரைக் களத்தைவிட்டே வெளியேற்றும் ஒலிம்பிக்கிலோ, இதே நட்சத்திரங்கள் காவலாள் இல்லாமல் ஆடிவிட்டுப் போகிறார்கள்.

அடியாட்களை வெளியேற்றியது அறவுணர்வு அல்ல, வரவுசெலவு. சண்டையைத் தொடங்குபவருக்கு 1992இல் கூடுதல் தண்டனை வந்தது. 2005க்குப் பின் சம்பள உச்சவரம்பும் வேகமான ஆட்டமும் சேர்ந்துகொண்டன. ஓர் ஆட்டத்தில் சில நிமிடம் மட்டும் ஆடுபவருக்கு அணியில் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது. அப்படியொரு அடியாளான டெரெக் பூகார்ட் 277 ஆட்டங்களில் போட்டவை மூன்றே கோல். 2011 மே மாதம், 28 வயதில், வலிமாத்திரையும் மதுவும் சேர்ந்து அவர் உயிரைக் குடித்தன. தொடர் அடிகளால் வரும் சிடிஇ என்ற நோய் அவர் மூளையில் இருந்தது பின்னர் தெரிந்தது. சண்டைக்காரர்கள் சக வீரர்களைவிடச் சராசரியாகப் பத்தாண்டு முன்னதாக இறந்திருப்பதாக, கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2023இல் காட்டியது.

அதே ஆண்டு கியூபெக் ஜூனியர் லீக், சண்டையிட்டால் உடனே வெளியேற்றம் என்று விதித்தது. ஆனால் 2025 பிப்ரவரியில், அதே கியூபெக்கின் மான்ட்ரியலில், என்.எச்.எல். நடத்திய அமெரிக்கா–கனடா ஆட்டத்தின் முதல் ஒன்பது நொடிகளில் மூன்று சண்டைகள். மோதிய அறுவரில் ஒருவர்கூட அடியாள் இல்லை. எல்லாருமே தத்தம் அணிகளின் முன்னணி ஆட்டக்காரர்கள்.