பட்டை வில்லும் உயர்ந்த வண்டியும்

தமிழ்நாட்டில் மோட்டார் வண்டி ஓடத் தொடங்குவதற்கு முன்பே பட்டை வில் பழக்கத்துக்கு வந்துவிட்டது என்பதற்கு 'வில்வண்டி' என்ற சொல்லே சான்று. மாட்டு வண்டியின் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையில் வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டி, பாதையின் மேடு பள்ளம் உட்கார்ந்திருப்பவரை எட்டாதபடி செய்த அந்த வண்டி, வசதி படைத்தவர்களின் உரிமையாகக் கருதப்பட்டது; 1893-இல் திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிச் சென்றதும் ஒரு வில்லுவண்டியைத்தான். இன்று லாரிப் பட்டறைகளில் 'பட்டை' என்றும் 'லீஃப் ஸ்பிரிங்' என்றும் வழங்குவது அதே பொருளின் வழித்தோன்றலே. ஓட்டத்தை மென்மையாக்குவதற்காகப் பிறந்த இந்த எஃகு அடுக்கு, இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில், நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர விசை செல்லும் பழைய டிரக்குகளையும் ஜீப்புகளையும் தரையிலிருந்து உயர்த்தும் கருவியாக மாறியது. அந்த மாற்றத்தில் மென்மை முதலில் தொலைந்து, பல ஆண்டுகள் கழித்தே மீட்கப்பட்டது.

பட்டை வில்லின் இலக்கணத்தை வகுத்தவர்கள் குதிரை வண்டி செய்த கொல்லர்கள். லண்டனின் லாம்பெத் பகுதியில் வண்டி கட்டிவந்த ஒபதையா எலியட் 1804-05 அளவில் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றபின், வண்டியின் அடியில் முன்னச்சையும் பின்னச்சையும் இணைத்த கனத்த நடுமரம் தேவையற்றுப்போய், வண்டிகள் எடை குறைந்தன. அந்தக் கொல்லர்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததைப் பின்னாளைய பொறியியல் சூத்திரமாக எழுதியது: பட்டையின் விறைப்பு அதன் அகலத்துக்கு நேர் விகிதத்திலும், தடிமனின் மும்மடிக்கு நேர் விகிதத்திலும், நீளத்தின் மும்மடிக்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். தடிமனைப் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் விறைப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். நீளத்தை அதே அளவு கூட்டினால் விறைப்பு கால் பங்கு அளவுக்குக் குறையும். ஆகவே நல்ல வில் என்பது நீளமான, மெல்லிய, எண்ணிக்கையில் மிகுந்த பட்டைகளால் ஆனது.

மோட்டார் வண்டி இந்த வில்லை அப்படியே எடுத்துக்கொண்டது. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டி முன்னும் பின்னும் குறுக்காக வைத்த பட்டை வில்லின் மேல் நின்றது. கனரக வண்டிகள், நீளவாக்கில் பக்கத்துக்கு ஒன்றாக அமைந்த அரை நீள்வட்ட வில்லைத் தேர்ந்தன. இந்த இரண்டாவது அமைப்பில் வில்லின் ஒரு முனையில் உள்ள கண், அதாவது சுருட்டிய வளையம், சட்டகத்தில் நிலையாகப் பூட்டப்படும்; மறுமுனை, ஷேக்கிள் எனப்படும் ஊசலாடும் இணைப்பின் வழியாகத் தொங்கும்; பட்டை நிமிரும்போது அதன் நீளம் கூடுவதற்கு அந்த ஊசலே இடம் தருகிறது. நடுப்பகுதி, யூ வடிவப் போல்ட்டுகளால் அச்சோடு இறுக்கப்படும். இவ்வாறு அமைந்த வில் எடையைத் தாங்குவதோடு நிற்பதில்லை: அச்சு முன்பின் நகராமலும் பக்கவாட்டில் ஒதுங்காமலும் பிடித்துக்கொள்வதும், சக்கரம் தரும் முறுக்குவிசையையும் பிரேக்கின் எதிர்விசையையும் வாங்கிச் சட்டகத்துக்கு அனுப்புவதும் அதன் வேலைகளே. தனிக் கைகளோ தண்டுகளோ வேண்டாத இந்த எளிமைதான் 1941 முதல் உற்பத்தியான வில்லிஸ் எம்பி ஜீப்புக்கு அதைப் பொருத்தமாக்கியது. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் போர்க்காலத்தில் கட்டிய 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் போர்முனையிலேயே பழுதுபார்க்கக்கூடியவையாக இருந்ததில் பட்டை வில்லுக்குப் பெரும் பங்கு உண்டு.

போருக்குப் பின் 1945-இல் சிஜே-2ஏ என்ற பெயரில் குடிமக்களுக்கான ஜீப்பும், 1946-இல் டாட்ஜ் பவர் வேகனும் விற்பனைக்கு வந்தன. மின்னியாபொலிசைச் சேர்ந்த நாப்கோ நிறுவனம், செவ்ரோலே டிரக்குகளை நான்கு சக்கர இயக்கத்துக்கு மாற்றும் உறுப்புத் தொகுதிகளை 1950-களில் விற்றது. உழவுக்கும் மரம் வெட்டும் காட்டுப் பணிக்கும் வாங்கப்பட்ட இவ்வண்டிகளை, ஓய்வு நாளில் மலைத்தடத்தில் ஓட்டும் வழக்கம் மேற்கு மாநிலங்களில் வேர்விட்டது. கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில், ஜார்ஜ்டவுன் பக்கமிருந்து டாஹோ ஏரியை நோக்கிச் செல்லும் ரூபிகான் தடம் அதன் தலைமையிடம். கருங்கல் பாறைகள் உருண்டு கிடக்கும் அந்தத் தடத்தில் 1953-இல் மார்க் ஸ்மித்தும் அவருடைய ஊராரும் நடத்திய முதல் 'ஜீப்பர்ஸ் ஜாம்போரி' கூட்டுப் பயணத்தில் 55 ஜீப்புகள் சென்றன. 1967-இல் யூட்டா மாநிலத்தின் மோவாபில் ஈஸ்டர் ஜீப் பயணம் தொடங்கியது.

வண்டியை உயர்த்த வேண்டிய தேவை பாறையிலிருந்து பிறந்தாலும், அதை நேரடியாகக் கட்டளையிட்டது டயரே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாறையில் முதலில் இடிப்பது அச்சின் நடுவில் உருண்டு தொங்கும் டிஃபரன்ஷியல், அதாவது இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி. அது அச்சோடு ஒட்டியது. தரையிலிருந்து அதன் உயரத்தை வில்லை எவ்வளவு வளைத்தாலும் மாற்ற முடியாது. பெரிய டயர் ஒன்றே அதை உயர்த்தும். அதிலும் டயரின் விட்டம் 4 அங்குலம் கூடினால் பெட்டி உயர்வது 2 அங்குலம்தான். அப்பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் மேலும் கீழும் ஆட இடம் வேண்டும் என்பதற்காகவே உடலும் சட்டகமும் உயர்த்தப்பட்டன. பின்வந்த தலைமுறை ஒன்று இந்தக் காரணத்தை மறந்து, உயரத்தையே பயனாக எண்ணியது.

முதல் முறைகள் பட்டறைக்காரரின் கைவேலைகள். ஷேக்கிளை நீட்டுவது மிக மலிவானது: இணைப்பை 2 அங்குலம் நீட்டினால் வில்லின் நடுவில் இருக்கும் அச்சுக்கு மேலே வண்டி 1 அங்குலம் உயரும். ஆனால் முன் வில்லின் ஷேக்கிள் முன்முனையில் இருக்கும் வண்டிகளில் அந்த நீட்டம் அச்சையே முன்னோக்கிச் சாய்த்து, காஸ்டர் கோணத்தைக் குறைத்துவிடும். காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் மையக்கோடு பின்சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன்கவை சாய்ந்திருப்பது போன்றது. அது குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாமல் வண்டி சாலையில் அலையும். அச்சுக்கும் வில்லுக்கும் நடுவே கட்டை வைப்பது இன்னொரு முறை. சுமை இழுக்கும் டிரக்குகளின் பின்னச்சில் தொழிற்சாலைகளே கட்டை வைத்திருக்கின்றன என்றாலும், திருப்பும் விசையும் பிரேக் விசையும் ஒருங்கே ஏறும் முன்னச்சில் அதை வைப்பது உயிருக்கே தீங்கானது. பல மாநிலங்கள் அதைச் சட்டத்தால் விலக்கின. மூன்றாவதாக, அடுக்கில் வளைவு மிகுந்த ஒரு பட்டையைக் கூடுதலாகச் செருகினர். உயரமும் சுமை தாங்கும் வலுவும் கூடின, விறைப்பும் கூடியது.

நான்காவது முறையான மறுவளைப்பே பழைய கொல்லர் மரபுக்கு மிக நெருக்கமானது. அடுக்கைத் துளைத்துச் செல்லும் நடுப் போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளைப் பிரித்து, துருவைத் தேய்த்தெடுத்தபின், பட்டறைக்காரர் முதன்மைப் பட்டையைத் தரையில் கிடத்தி அதன் வளைவைச் சாக்குக்கட்டியால் வரைவார். அதற்கு மேல், வேண்டிய புதிய வளைவை இன்னொரு கோடாக இழுப்பார். பிறகு பட்டையை இரண்டு தாங்கிகளுக்குக் குறுக்கே வைத்து, சிறிது சிறிதாக நகர்த்தியபடி பிரஸ்ஸிலோ சம்மட்டியாலோ அழுத்தி, அடிக்கடி கோட்டின் மேல் வைத்து ஒத்துப் பார்ப்பார். இவ்வளவும் குளிர்ந்த நிலையிலேயே நடக்க வேண்டும்; நெருப்பில் காய்ச்சினால் எஃகின் பதம் போய்விடும், மீண்டும் பதமேற்றாவிட்டால் சில மாதங்களில் பட்டை தொய்ந்துவிடும். கீழே வரும் ஒவ்வொரு குட்டைப் பட்டையும் தனக்கு மேலுள்ளதைவிடச் சற்று அதிகமாக வளைக்கப்படும். அடுக்கி வைத்தால் இடையில் நூலளவு வெளிச்சம் தெரியும், நடுப் போல்ட்டை முறுக்கும்போது அந்த இடைவெளி மூடி, பட்டைகள் ஒன்றையொன்று இறுகக் கவ்வும். 'நிப்' எனப்படும் இந்த இடைவெளியைக் கண்ணாலேயே கணித்த கைகள்தாம் குதிரை வண்டிக் காலத்துக்கும் மோட்டார் காலத்துக்கும் பாலமாக இருந்தன.

1970-களில் இது தொழிலாக வளர்ந்தது. ஆயத்தமாக வளைத்த வில், நீண்ட ஷாக் அப்சார்பர், யூ போல்ட் ஆகியவற்றை ஒரே பெட்டியில் இட்டு விற்கும் நிறுவனங்கள் பெருகின. லூசியானாவின் ஸ்கைஜாக்கர் 1974-இல் தொடங்கியது. அதே காலத்தில் செயின்ட் லூயிஸ் வட்டாரத்தின் பாப் சாண்ட்லர் தம் 1974-ஆம் ஆண்டு ஃபோர்டு எஃப்-250 டிரக்கை ராணுவ அச்சுகளும் மாபெரும் டயர்களும் பூட்டி உயர்த்திக்கொண்டே போனார். 'பிக்ஃபுட்' எனப் பெயர் பெற்ற அவ்வண்டி 1980-களின் தொடக்கத்தில் கார்களின் மேல் ஏறி நசுக்கியபோது, உயர்ந்த டிரக் நாடெங்கும் காட்சிப் பொருளாயிற்று. அக்கால வில்கள் குட்டையானவை, தடித்தவை, கூனல் முதுகு போல வளைந்தவை. அவற்றின் மேல் நின்ற வண்டி கம்பீரமாகத் தெரிந்தது; பாறையில் ஒரு சக்கரம் ஏறினால் மறுசக்கரம் தரையைத் தேடிக் கீழே இறங்காமல் அந்தரத்தில் சுழன்றது. ஈர்ப்பு மையம் உயர்ந்ததால் கவிழும் ஆபத்தும், மோதலில் சிறு கார்களின் மேல் பம்பர் ஏறும் ஆபத்தும் கூடவே, பல மாநிலங்கள் பம்பருக்கோ சட்டகத்துக்கோ உயர வரம்பு விதித்தன. வண்டிக் கொல்லர்களின் நீளம்–மென்மை என்ற பாடம் இந்தக் காலத்தில் கைவிடப்பட்டது என்றே மதிப்பிட வேண்டும்.

அதைத் திருப்பிக் கொண்டுவந்தது, வில்லை அச்சின் அடியிலிருந்து எடுத்து மேலே வைக்கும் முறை. டொயோட்டா எஃப்ஜே40, இன்டர்நேஷனல் ஸ்கௌட், சுசுகி சாமுராய், 1987-இல் வந்த ஜீப் ராங்லர் ஒய்ஜே ஆகியவற்றில் வில் அச்சுக்குக் கீழே கட்டப்பட்டிருந்தது. அதை மேலே மாற்றினால், அச்சுக் குழாயின் விட்டமும் அடுக்கின் தடிமனும் சேர்ந்து, வண்டிக்கேற்ப ஏறத்தாழ 5 முதல் 6 அங்குல உயரம் கிடைக்கும். அதுவும் தொழிற்சாலை தந்த தட்டையான, மென்மையான வில்லைக்கொண்டே. அச்சுக்கடியில் தொங்கிப் பாறையில் இடித்த வில்லும் தாங்குதகடும் மேலே போய்விடுவது கூடுதல் நன்மை.

இந்த எளிய இடமாற்றம் கேட்கும் விலை பெரிது. வில் அமரும் தாங்குமேடைகளைப் புதிதாக அச்சில் வெல்டிங் செய்ய வேண்டும். அச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மிகையாகச் சாய்வதால் அச்சையே மேல்நோக்கித் திருப்ப நேரும், அப்படித் திருப்பினால் காஸ்டர் குலையும். எனவே முன்னச்சின் முனைக் கணுக்களை அறுத்துச் சுழற்றி மீண்டும் ஒட்ட வேண்டிவரும். ஸ்டியரிங் தண்டு சரிவாகிவிடுவதால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தானே திரும்பும். எல்லாவற்றுக்கும் மேலாக, மென்மையான வில் முறுக்குவிசைக்கு ஈடுகொடுக்காமல் எஸ் வடிவில் நெளிந்து, அச்சு தன் போக்கில் சுழன்று அதிரும். இதைத் தடுக்க அச்சுக்கும் சட்டகத்துக்கும் இடையே தனித் தண்டு பூட்டினர். முன்பு வில் ஒன்றே செய்துவந்த வேலையைப் பிரித்து இன்னொரு உறுப்புக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த படி நீளத்தைத் தேடியது. சிஜே-2ஏ ஜீப்பின் முன் வில் சுமார் 36 அங்குலமும் பின் வில் சுமார் 42 அங்குலமுமே நீளம். பழைய சிஜே ஜீப்புகளில் இரண்டரை அங்குல அகலமுள்ள ஒய்ஜே வில்லைப் பூட்டுவதும், டொயோட்டா பிக்கப்பின் பின் வில்லை முன்னே கொண்டுவருவதும், செவ்ரோலே டிரக்கின் 63 அங்குலப் பின் வில்லை வேறு வண்டிகளுக்கு மாற்றுவதும் 1990-களிலிருந்து பரவின. 1986-ஆம் ஆண்டு மாடலில் டொயோட்டா தன் பிக்கப்பின் முன்னச்சைக் கைவிட்டுத் தனித்தனிச் சக்கர அமைப்புக்கு மாறியபோது, அதைக் கழற்றிவிட்டுப் பழைய ஒற்றை அச்சையும் பட்டை வில்லையும் பொருத்தியோர் பலர். உடைமுள் காட்டிலோ பாறைத் தடத்திலோ ஒரு பட்டை முறிந்தால் மற்றப் பட்டைகள் வண்டியை வீடு சேர்க்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது.

இந்தியாவுக்கு இவ்வரலாற்றில் நேரான உறவு உண்டு. மகிந்திரா நிறுவனம் 1940-களின் பிற்பகுதியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. 1985-இல் வந்த மாருதி ஜிப்சி, சாமுராயின் உடன்பிறப்பு. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் கற்பாதையில் இன்றும் ஜீப்புகளே பயணிகளைக் கொண்டு செல்கின்றன. ஆயினும் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது; உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. பழைய ஜீப் வைத்திருப்போர் உயர்த்துவதைப் பற்றி எண்ணுமுன், ஆண்டுக்கணக்கில் தொய்ந்துபோன பட்டைகளைத் தேர்ந்த பட்டறையில் மறுவளைத்து, வண்டி பிறந்தபோது இருந்த உயரத்துக்குக் கொண்டுவந்து பார்க்கட்டும். இழந்த உயரத்தோடு இழந்த மென்மையும் பெரும்பாலும் அதிலேயே திரும்பிவிடும்.