அடுப்பங்கரையின் மண்பூச்சு

வன்னியின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள், 1803ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றி, அதே ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் தோல்வியுற்ற பண்டாரவன்னியனின் வீரத்தையும், காட்டை வெட்டிக் குளங்கட்டி வயல் கண்ட முன்னோரின் உழைப்பையும் விரிவாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அந்த வயலில் விளைந்த நெல் சோறான இடத்துக்கு, அதாவது அடுப்பங்கரைக்கும், அதன் வாயைச் சூடு தாங்கும் மண்ணால் தலைமுறை தலைமுறையாகப் பூசிக் காத்துவந்த பெண்களின் தேர்ச்சிக்கும், அந்தச் சரித்திரத்தில் உரிய ஸ்தானம் இன்னும் அளிக்கப்படவில்லை. வானத்துப் பரணி நட்சத்திரத்தின் மூன்று மீன்களைக் கண்டு அதற்கு ‘அடுப்பு’ என்றே பெயரிட்ட ஒரு சமூகம், மண்ணிலுள்ள தன் அடுப்பை அற்பமாக எண்ணியிருக்க முடியாது.

வவுனியா விளாங்குளம் என்று முன்னர் வழங்கிய ஊரும் அதைச் சூழ்ந்த குளக்கட்டுக் கிராமங்களும் வீரைக்கும் பாலைக்கும் முதிரைக்கும் பேர்போன காட்டின் நடுவே இருந்தவை. வரிச்சுக் கட்டி மண் அறைந்த சுவரும், வைக்கோலோ இலுக்கம்புல்லோ வேய்ந்த தாழ்ந்த கூரையும் கொண்ட அவ்வீடுகளில், கொள்ளியிலிருந்து தெறிக்கும் ஒரு பொறி குடும்பத்தின் ஆஸ்தி முழுவதையும் சாம்பலாக்கிவிடக் கூடுமாதலால், குசினியைப் பெரும்பாலும் தலைவீட்டிலிருந்து விலக்கித் தனியே அமைத்தார்கள். அப்படி அமைத்த குசினியிலும் அடுப்புக்குப் பின்னே நிற்கும் வரிச்சுச் சுவரைத் தணலின் சூட்டிலிருந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. கல்லும் சுண்ணாம்பும் எளிதிற் கிடையாத அக்காட்டூர்களில் அதற்கு உதவியது காலடியிற் கிடந்த மண்ணேயாகும்.

எந்த மண்ணும் அதற்கு ஆகாது என்பதை அனுபவம் கற்பித்திருந்தது. கறையான் நிலத்தடியிலிருந்து நுண்ணிய களியைத் தெரிந்தெடுத்துத் தன் உமிழ்நீரால் ஒட்டி எழுப்பிய புற்றின் மண், கல்லும் பருக்கையுமில்லாமல் அரித்தெடுத்தது போலிருப்பதால், அடுப்புப் போடுவதற்குச் சிரேஷ்டமானது என்று கொண்டார்கள். நாகதம்பிரானை வழிபடும் இந்தப் பிரதேசத்தில் புற்று தெய்வத்தின் இருப்பிடமுமாகையால், அதிலிருந்து மண் எடுப்பதில் ஒரு பக்தியும் தயக்கமும் கூடவே இருந்தன. எடுத்துவந்த மண்ணை உடைத்து, நீர் விட்டு ஊறவைத்து, நறுக்கிய வைக்கோலையோ உமியையோ மாட்டுச் சாணத்தையோ சேர்த்து மிதித்துக் குழைத்து, களி மிஞ்சினால் மணலிட்டு, உருட்டிய கட்டி உள்ளங்கையில் ஒட்டாமல் விடுபடும் பதம் பார்த்த பிறகே அடுப்பின் வாயிலும் குமிழிலும் பக்கத்திலும் அறைந்தார்கள். ஒரே நாளில் கனமாக அறைந்தால் வெடிக்குமாதலால், ஒரு பூச்சு நிழலிற் காய்ந்தபின் அடுத்த பூச்சு என்று பொறுமையாகச் செய்து, வெடித்த கோடுகளைச் சாணக்கரைசலால் மெழுகி அடைத்து, சிறு தீயிட்டுப் பழக்கி, அதன் பின்னரே முதற்பானையை ஏற்றினார்கள்.

இந்தக் கிரமத்தின் காரணங்களை இன்றைய இரசாயனம் தெளிவாக விளக்குகிறது. தனிக்களி காயும்போது சுருங்கி வெடிக்கும்; மணல் அந்தச் சுருக்கத்தைக் குறைக்க, வைக்கோலும் சாணத்து நாரும் வெடிப்பு ஓடாமல் பிடித்துக்கொள்கின்றன. தீ பட்டதும் அந்த நார்கள் எரிந்து நுண்துளைகளை விட்டுச் செல்ல, அத்துளைகளில் தங்கிய காற்று சூட்டைச் சுவருக்குக் கடத்தாமல் தடுக்கிறது. உமி எரிந்தாலும் அதன் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவாக எஞ்சி மண்ணோடு நின்றுவிடுகிறது. 500 முதல் 600 பாகை வரையான வெப்பத்தில் களி தன்னுள் கட்டுண்ட நீரை இழந்து, மீண்டும் கரையாத சுட்ட மண்ணாகிறது. ஆகவே நெடுநாள் எரிந்த அடுப்பின் உட்புறம் செங்கல்லின் தன்மையை நெருங்க, வெளிப்புறம் பச்சை மண்ணாகவே இருந்து, ஒவ்வொரு முறை மெழுகும்போதும் புதுப்பூச்சை ஏற்றுக்கொள்கிறது.

1905இல் வடபகுதிப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை திறக்கப்பட்டு, 1950இல் அங்கேயே சீமெந்துத் தொழிற்சாலையும் தோன்றியபின், கல்வீடு கட்டியவர்கள் அடுப்புத் திட்டையையும் சீமெந்தால் பூச ஆசைப்பட்டது இயல்பே. எனினும் சுவருக்கு உறுதியளிக்கும் சீமெந்து தணலின் முன்னே நிலைப்பதில்லை. அதிலுள்ள சுண்ணாம்பு நீறு ஏறத்தாழ 450 பாகையில் சிதைந்து, பிறகு கழுவும் நீரோ ஈரக்காற்றோ பட்டதும் பருத்து, பூச்சை உள்ளிருந்தே உதிர்த்துவிடுகிறது. குளிர்நாட்டார் தங்கள் கணப்புகளின் உட்புறத்தை நெருப்புச் செங்கல்லாலும், இக்காலத்தில் வெர்மிகுலைட், கல்சியம் சிலிக்கேட் பலகைகளாலும் அமைப்பதற்குக் காரணமும் இதுவே.

அத்தகைய கணப்புகள் நுவரெலியாவின் துரைமார் பங்களாக்களில் எரிந்துகொண்டிருந்த காலத்தில், அம்மலைகளில் தேயிலை கொய்த தமிழர் லயன் காம்பராக்களின் புகையிலே மண்ணடுப்புப் பூசி வாழ்ந்தனர். 1977ஆம் ஆண்டில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலால் வேரறுந்து வன்னிக்கு வந்த அவர்களிற் பலர், வவுனியாவில் காந்தியம் இயக்கம் அமைத்த குடியேற்றங்களில் வாழ்வைத் தொடங்கினர். காடு வேறு, மண் வேறு என்றாலும் அடுப்பை மெழுகும் கை இரு சாராருக்கும் பொதுவாயிருந்தது.

1980களில் இலங்கையில் விறகுச் சிக்கனத்துக்காக உருவாக்கப்பட்டுப் பரவிய ‘அனகி’ என்னும் இருபானை அடுப்பின் வரலாறு இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. விலைமதிப்பற்றது என்று பொருள்படும் சிங்களப் பெயரைக் கொண்ட அது, குயவர் வனைந்து சுட்ட ஒரே உருவமாயினும், களியும் சாணமும் வைக்கோலும் கலந்த சாந்தால் சுற்றிலும் பூசிப் பதித்தபின்னரே முழுப்பயனையும் ஆயுளையும் தருகிறது. பொறியியலாளர் ஆராய்ந்து தேர்ந்த அந்தச் சாந்தும் நம் பெண்கள் மிதித்துக் குழைத்த சாந்தும் ஒன்றே.

உள்நாட்டுப் போர் முடிந்த 2009இல் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைபட்டிருந்து, பின் சிறுகச் சிறுக ஊர் திரும்பியபோது, கூரையற்ற வளவுகளில் குடும்பம் மீண்டதற்கு முதல் அடையாளம் மூன்று கல்லின் மீது எழுந்த புகையே. 2022இல் சமையல் எரிவாயு கிடையாமல் நகரத்து மக்களும் விறகைத் தேடியபோது, மண் எங்கே எடுப்பது, சாணம் எவ்வளவு சேர்ப்பது என்பதறிந்த முதியவளின் சொல்லுக்கு மறுபடியும் மதிப்பு உண்டாயிற்று. அடுப்பை எவரும் பெயர்த்து எடுத்துச் செல்ல முடியாது. பூசத் தெரிந்த கையோ எல்லா இடப்பெயர்விலும் உடன் வந்திருக்கிறது. அந்தக் கையிலுள்ள அறிவை, இன்ன ஊரில் இன்ன மண், இன்ன அளவு உமி, இன்ன பதம் என்று அம்மூதாட்டிகள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது, குளங்களின் கல்வெட்டைப் படியெடுப்பதற்குச் சமமான சரித்திரக் கடமையாகும்.