கல்குளத்துக் கோட்டை

தக்கலை பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களுக்குப் பத்மநாபபுரம் இரண்டு கிலோமீட்டர் உள்ளே கிடக்கும் ஓர் ஓரத்து ஊர். பக்கத்தில் வேளிமலை மறித்து நிற்கிறது. அதனடியில் கருங்கல் கோட்டை, அதற்குள் தெருக்கள், கோயில்கள், நாங்கள். 1795-இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூர் அரசு இங்கிருந்துதான் நடந்தது.

அதற்கும் முன்னால் ஊரின் பெயர் கல்குளம். மார்த்தாண்டவர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்த காலத்தில் பெயர் மாறியது. தாலுகா இன்றும் கல்குளம்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மாவிடம் தோற்ற டச்சுப் படையினரில் ஒருவரான டிலனாய், பிறகு அவருக்கே படைத்தளபதி ஆனார். பக்கத்து உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை, தமிழும் லத்தீனும் பொறித்துக் கிடக்கிறது.

அரண்மனைக்கு வருகிறவர்கள் தாய்க்கொட்டாரத்து மரவேலையை அவசரமாகப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறார்கள். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் உண்ட ஊட்டுப்புரையில் சற்று நிற்க வேண்டும். ஓர் அரசின் அளவு அங்கேதான் புரியும்.

1956 நவம்பர் 1-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடம் நின்றது. நவராத்திரி வந்தால் அந்த மாநில எல்லைக் கோடு மங்கிவிடும். அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி யானைமேல் புறப்படுவாள். குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே. மன்னரின் உடைவாள் கைமாறும், இரு மாநிலக் காவலரும் மரியாதை செய்வார்கள். குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாக ஊர்வலம் திருவனந்தபுரம் சேரும்.